திடீர்ப் பக்கவாதம்: முதல் சி.டி. படத்திலிருந்து சிகிச்சை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

திடீர்ப் பக்கவாதத்தில் மூளையைப் படம் எடுப்பது நோய்க்குப் பெயர் சூட்டுவதற்காக மட்டும் அன்று. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இப்போதே போடலாமா, கட்டியைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக வெளியே எடுக்க முடியுமா, உயர்ந்திருக்கும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதா அப்படியே விட்டுவைப்பதா என்ற மூன்று முடிவுகளும் படத்தைப் பார்த்த பிறகே எடுக்கப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு படத்தையும் ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு அணுக வேண்டும். கேள்வி இல்லாமல் எடுக்கப்படும் படம், எவ்வளவு நவீனமான கருவியில் எடுக்கப்பட்டாலும், நோயாளிக்குத் தாமதத்தை மட்டுமே தருகிறது. அவசரப் பிரிவில் பணியாற்றும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், ஸ்கேன் அறைத் தொழில்நுட்பர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டாலும், உறவினர் ஒருவருக்காக ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தவர்களுக்கும் உள்ளே என்ன நடந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

மூளைக்குள் நடப்பது என்ன?

பக்கவாதம் இரு பெரும் வகைப்படும். தமனி ஒன்று அடைபட்டு அதற்கு அப்பாலுள்ள பகுதி ரத்தமின்றி வாடுவது ஒரு வகை. தமனி வெடித்து மூளைக்குள்ளோ மூளையைச் சுற்றியோ ரத்தம் கசிவது மற்றொரு வகை. அடைப்பு வகையே அதிகம். இரண்டுக்குமான சிகிச்சைகள் நேர் எதிரானவை என்பதும், வெளி அறிகுறிகளை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது என்பதும்தான் ஸ்கேன் இன்றியமையாததாக இருப்பதற்கு முதற்காரணம்.

நலமான மூளையின் ஒவ்வொரு 100 கிராம் திசுவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது. இது ஏறத்தாழ 20க்குக் கீழே இறங்கும்போது நரம்பணுக்கள் வேலை செய்வதை நிறுத்துகின்றன. கை தூக்க வராது, பேச்சு வராது, ஆனால் அணுக்கள் இன்னும் உயிரோடிருக்கும். 10க்கும் கீழே இறங்கினால் சில நிமிடங்களில் அவை இறந்துபோகின்றன. அடைபட்ட தமனியின் ஆளுகைப் பகுதியில் இவ்விரு நிலைகளும் அருகருகே இருக்கும்: நடுவே மீட்க முடியாத மையம், அதைச் சுற்றி இன்னும் மீட்கக்கூடிய விளிம்பு. இந்த விளிம்பைத்தான் மருத்துவர்கள் பெனம்பிரா என்கிறார்கள். பெரிய தமனி ஒன்று அடைபட்டால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. இது சராசரி மட்டுமே. பக்கக்கிளைத் தமனிகள் நன்கு அமைந்த ஒருவருக்கு 12 மணி நேரம் கழித்தும் மையம் சிறிதாகவே இருக்கலாம். அவை இல்லாத இன்னொருவருக்கு இரண்டே மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிருக்கலாம். பிற்பகுதியில் விவரிக்கப்படும் பெர்ஃப்யூஷன் ஸ்கேனுக்கான தேவை இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

படி 1: கடிகாரமும் கட்டிலருகுப் பரிசோதனையும்

ஸ்கேன் அறைக்குள் நுழைவதற்கு முன் மூன்று விவரங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, நோயாளி கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரம். அறிகுறியை யாரோ கவனித்த நேரம் வேறு, இந்த நேரம் வேறு. காலை 6 மணிக்கு எழும்போதே ஒருவருக்கு வலக்கை செயலிழந்திருந்தது, முந்தைய இரவு 10 மணிக்கு அவர் நன்றாகப் பேசிவிட்டுப் படுக்கச் சென்றார் என்றால், கணக்கு இரவு 10 மணியிலிருந்தே தொடங்கும். நள்ளிரவில் எழுந்து கழிப்பறைக்கு நடந்து சென்றாரா, யாரையாவது கைபேசியில் அழைத்தாரா என்று துருவிக் கேட்டால் அந்த நேரம் சில மணி முன்னோக்கி நகர்ந்து, கைவிட்டுப்போன சிகிச்சை மீண்டும் எட்டக்கூடியதாகலாம்.

இரண்டாவது, ரத்தச் சர்க்கரை. குறைந்த சர்க்கரை ஒருபக்கச் செயலிழப்பை அப்படியே நடித்துக் காட்டும். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுவிடலாம் என்பதால், கரைக்கும் ஊசிக்கு முன் கட்டாயம் முடிவு தெரிந்திருக்க வேண்டிய ஆய்வு எல்லா நோயாளிகளுக்கும் இது ஒன்றுதான். ரத்த உறைவு, சிறுநீரகம், தட்டணுக்கள் ஆகியவற்றுக்கான ஆய்வுகளுக்கு ரத்தம் எடுத்து அனுப்பலாம். கோளாறு இருக்கும் என்று ஐயுறக் காரணம் இல்லாதபோது முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வார்ஃபரின் அல்லது அதைப் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர் என்றால் மட்டும் நிலைமை வேறு.

மூன்றாவது, பாதிப்பின் அளவு. என்.ஐ.எச்.எஸ்.எஸ். அளவுகோல் விழிப்புநிலை, பார்வை, முகம், கை, கால், உணர்ச்சி, பேச்சு, கவனம் ஆகியவற்றைச் சோதித்து 0 முதல் 42 வரை மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் கூடக்கூடப் பெரிய தமனி அடைப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது. எண்ணைக் காட்டிலும் குறைபாட்டின் தன்மை முக்கியம் என்பதே என் கருத்து. மதிப்பெண் 2 மட்டுமே பெற்றாலும், பேச்சு குழறித் தன் தொழிலைச் செய்ய முடியாமல் போன ஒருவருக்கு அது சிறிய பாதிப்பு அன்று.

நோயாளியை வரவேற்பிலிருந்து ஸ்கேன் மேசைக்குக் கொண்டுசெல்ல 20 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. போகும் வழியிலேயே முழங்கை மடிப்பில் 18 கேஜ் கேனுலா (சிரைக்குள் செலுத்தும் சிறு குழாய்), அதாவது பச்சை நிறத்தது, ஏற்றப்பட்டிருக்க வேண்டும். புறங்கையில் ஏற்றிய மெல்லிய நீல நிறக் கேனுலா, ரத்தக்குழாய்களைப் படத்தில் தெரிய வைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தை வேகமாகச் செலுத்தும்போது தாங்காது. நோயாளியின் எடையையும் அப்போதே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது.

படி 2: கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.

முதல் படம் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.தான். சில நொடிகளில் முடிந்துவிடும். நோயாளி அசைந்தாலும் பெரிய பாதகமில்லை. இந்தப் படத்திடம் கேட்கப்படும் முதற்கேள்வி ஒன்றே: ரத்தம் இருக்கிறதா?

சி.டி. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அலகில் தண்ணீரின் அடர்த்தி 0, காற்றின் அடர்த்தி மைனஸ் 1000. மூளைத் திசு ஏறத்தாழ 20 முதல் 40 வரையில் நிற்க, புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50 முதல் 80 வரை ஏறி வெள்ளையாகத் தெரியும். ஆகவே ரத்தக்கசிவைக் காண்பது எளிது. சுண்ணாம்புப் படிவும் வெள்ளையாகவே தெரியும் என்றாலும் அதன் அடர்த்தி பொதுவாக 100ஐத் தாண்டும். மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்க்லியா என்ற நரம்பணுத் திரள்களில் இருபுறமும் சமச்சீராகக் காணப்படும் வெண்புள்ளிகள் பெரும்பாலும் இத்தகையவையே.

இரண்டாவது கேள்வி கடினமானது: அடைப்பால் விளைந்த சேதம் ஏற்கெனவே தெரியத் தொடங்கிவிட்டதா? ரத்தம் கிடைக்காத திசுவில் நீர் சேர்கிறது. நீரளவு 1 விழுக்காடு கூடினால் அடர்த்தி சுமார் 2.5 அலகு குறையும். இவ்வளவு நுண்ணிய மாற்றத்தைக் கண் பிடிக்க வேண்டுமானால் திரையின் சாளர அமைப்பை, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டும் அடர்த்தி வரம்பை, குறுக்க வேண்டும். வழக்கமான மூளைச் சாளரத்தின் அகலம் 80, மட்டம் 40. பக்கவாதத்துக்கு அகலத்தையும் 40க்குக் கொண்டுவந்தால் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலான எல்லை பளிச்சென்று தெரியும், அந்த எல்லை எங்கே அழிந்திருக்கிறது என்பதும் தெரியும். இரண்டு விநாடி வேலை இது. செய்யாமல் விடுவதால் தவறும் கண்டறிதல்கள் ஏராளம்.

பேசல் கேங்க்லியா தெரியும் ஒரு துண்டுப் படத்தை எடுத்து இடதும் வலதுமாக ஒப்பிட்டுப் பாருங்கள். நலமான பக்கத்தில் இன்சுலா என்ற உள்ளடங்கிய மடிப்பின் புறணி, அதாவது மேலடுக்கு, மெல்லிய சாம்பல் நாடா போல ஓடும்; பாதிக்கப்பட்ட பக்கத்தில் அந்த நாடா அடுத்துள்ள வெண்பகுதியோடு கரைந்து மறைந்திருக்கும். அதற்கு உட்புறமுள்ள லென்டிஃபார்ம் உட்கருவின் விளிம்பும் மங்கியிருக்கும். மேலே செல்லச் செல்ல, மூளை மடிப்புகளுக்கு இடையிலுள்ள கருமையான இடைவெளிகள் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருப்பதைக் காணலாம். மூளையின் அடிப்பகுதியில் நடுப்பெருமூளைத் தமனி வெண்கோடாகத் தெரிந்தால், அதற்குள் ரத்தக்கட்டி அமர்ந்திருக்கிறது என்று பொருள். எதிர்ப்பக்கத் தமனியும் அதே அளவு வெண்மையாக இருந்தால் அது தமனிச் சுவரின் சுண்ணாம்பாகவோ ரத்தத்தில் சிவப்பணு மிகுதியாகவோ இருக்கலாம். ஆகவே ஒப்பிடாமல் முடிவு செய்யக் கூடாது.

இம்மாற்றங்களை எண்ணாக்குவதற்கு 2000ஆம் ஆண்டில் ஆஸ்பெக்ட்ஸ் என்ற அளவுகோல் அறிமுகமானது. நடுப்பெருமூளைத் தமனியின் ஆளுகைப் பகுதி பத்தாகப் பிரிக்கப்படுகிறது: காடேட், லென்டிஃபார்ம், இன்டர்னல் கேப்சூல், இன்சுலா என்ற நான்கும், எம்1 முதல் எம்6 வரையிலான புறணிப் பகுதிகள் ஆறும். பாதிக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் பத்திலிருந்து ஒன்று கழிக்கப்படும். 10 என்றால் சேதம் இன்னும் தெரியவில்லை. 0 என்றால் முழுப்பகுதியும் போய்விட்டது.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முதல் சில மணி நேரத்தில் சி.டி. இயல்பாக இருப்பது பக்கவாதம் இல்லை என்பதற்குச் சான்று அன்று. அறிகுறிகள் தெளிவாக இருந்து, படத்தில் ரத்தமும் இல்லை, சேதமும் இல்லை என்றால், சிகிச்சையால் மிகுதியும் பயன் பெறக்கூடியவர் இந்த நோயாளிதான். "ஸ்கேன் நார்மல், ஒன்றுமில்லை" என்று அவரை வீட்டுக்கு அனுப்புவது இந்தத் துறையில் நேரக்கூடிய மிகப் பெரிய பிழைகளில் ஒன்று.

படி 3: ரத்தம் தெரிந்தால்

ரத்தக்கசிவு தெரிந்த கணத்திலேயே கரைக்கும் ஊசி பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்து, கசிந்த ரத்தத்தின் அளவைக் கணக்கிட வேண்டும். மிகப் பெரிதாகத் தெரியும் துண்டுப் படத்தில் கட்டியின் நீளத்தையும் அதற்குச் செங்குத்தான அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, கட்டியின் உயரத்தோடு பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும். நீளம் 4, அகலம் 3, உயரம் 3 என்றால் ஏறத்தாழ 18 மில்லிலிட்டர். முதல் சில மணி நேரத்தில் இந்தக் கட்டி பெருக்கக்கூடும் என்பதால் சிகிச்சை முழுவதும் அந்தப் பெருக்கத்தைத் தடுப்பதை நோக்கியே அமைகிறது. கான்ட்ராஸ்ட் செலுத்தித் தமனிகளைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவில் கட்டிக்குள் கான்ட்ராஸ்ட் ஒரு புள்ளியாக ஒளிர்ந்தால் கசிவு இன்னும் நிற்கவில்லை என்று கொள்ளலாம்.

சிஸ்டாலிக் (மேல் எண்) ரத்த அழுத்தம் 150 முதல் 220 வரை இருப்பவர்களுக்கு அதைச் சீராக 140 அளவுக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்த வேண்டும். 130க்குக் கீழே தள்ளுவதால் நன்மை இல்லை, தீமை நேரலாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு நான்கு காரணிகள் கொண்ட புரோத்ரோம்பின் செறிவும் வைட்டமின் கே ஊசியும், டாபிகாட்ரான் எடுப்பவருக்கு ஐடருசிசுமாபும், ஹெபாரினுக்குப் புரோட்டமினும் உறைவுத் தடுப்பின் விளைவை முறிக்கும் மருந்துகள். ஆஸ்பிரின் எடுத்தவர் என்பதற்காக மட்டும் தட்டணுக்களை ஏற்றக் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படாத நோயாளிகளில் அது தீங்கு விளைவித்ததை 2016இல் வெளியான பாட்ச் ஆய்வு காட்டியது. சிறுமூளையில் பெரிய கசிவு ஏற்பட்டு மூளைத்தண்டை அழுத்தினால் காலந்தாழ்த்தாமல் நரம்பியல் அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும்.

மூளையைச் சுற்றியுள்ள இடைவெளிகளில் ரத்தம் பரவியிருந்தால் அது சப்அரக்னாய்டு கசிவு. "வாழ்நாளில் இப்படி ஒரு தலைவலி வந்ததில்லை" என்று நோயாளி சொல்லும் இடிபோன்ற தலைவலியே இதன் அடையாளம். தலைவலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் நவீனக் கருவியில் எடுத்த படம் ஏறக்குறைய எல்லாக் கசிவுகளையும் காட்டிவிடும். நேரம் கடந்துவிட்டால் படம் இயல்பாக இருந்தாலும் முதுகுத் தண்டுவட நீரைச் சோதிக்க வேண்டியிருக்கும். வெடித்த அனியூரிசத்தை, அதாவது தமனிச் சுவரின் பலூன் போன்ற புடைப்பை, கிளிப் அல்லது காயில் (நுண்கம்பிச் சுருள்) கொண்டு அடைப்பதும், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நிமோடிபின் 60 மில்லிகிராம் வீதம் 21 நாள் தருவதும் அடுத்த கட்டம்.

படி 4: தமனியைப் படம் பிடித்தல்

ரத்தம் இல்லை என்றானதும், நோயாளியை மேசையிலிருந்து இறக்காமலேயே சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும். பெருந்தமனியின் வளைவிலிருந்து உச்சந்தலை வரை முழுப் பாதையும் படத்தில் வர வேண்டும். கழுத்தை விட்டுவிட்டு மூளையை மட்டும் எடுத்தால், கதீட்டரைக் கொண்டுசெல்லும் மருத்துவர் வழி தெரியாமல் திணறுவார். பெரிய தமனி அடைப்பு என்ற ஐயம் இருக்கும்போது, பழைய சிறுநீரக நோய் இல்லாதவருக்குச் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் முடிவுக்காக ஆஞ்சியோவை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

இதனிடம் கேட்கும் கேள்வி: அடைப்பு எங்கே? கழுத்து வழியாக ஏறும் உள் கரோட்டிட் தமனியின் நுனி, நடுப்பெருமூளைத் தமனியின் எம்1 எனப்படும் முதல் பகுதி (ஆஸ்பெக்ட்ஸின் எம்1 வேறு), அதன் எம்2 கிளைகள், மூளைத்தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலார் தமனி ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். தடித்த அடுக்குகளாகத் தொகுத்துப் பார்த்தால் தமனி சட்டென்று முடிந்துபோகும் இடம் கண்ணில் படும். அதோடு, அடைப்புக்கு அப்பாலுள்ள கிளைகளில் பக்கக்கிளை வழியாகக் கான்ட்ராஸ்ட் வந்து சேர்கிறதா என்பதையும் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். ஒரே கட்டத்தில் எடுத்த படம் மெதுவாக வந்து சேரும் ரத்தத்தைக் காட்டாமல் விட்டுவிடக்கூடும் என்பதால், மூன்று கட்டங்களாக எடுப்பது இந்த ஒப்பீட்டை மேலும் நம்பகமாக்குகிறது.

படி 5: கரைக்கும் ஊசி

சாதாரண சி.டி.யில் ரத்தம் இல்லை, பரந்த சேதமும் இல்லை, செயலைப் பாதிக்கும் குறைபாடு இருக்கிறது, கடைசியாக நலமாகக் காணப்பட்டு 4.5 மணி நேரம் கடக்கவில்லை என்றால் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும். ஆஞ்சியோ முடியும்வரை கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. பல மையங்களில் ஸ்கேன் மேசையிலேயே முதல் மருந்து ஏறிவிடுகிறது. 1995ஆம் ஆண்டின் என்.ஐ.என்.டி.எஸ். ஆய்வு 3 மணி நேர எல்லையை நிறுவியது. 2008இல் எக்காஸ் 3 அதை 4.5 மணியாக நீட்டியது. எல்லைக்குள் இருக்கிறோம் என்ற நிம்மதியில் மெதுவாகச் செல்வது தவறு. முதல் 90 நிமிடத்தில் கிடைக்கும் பயனும் நான்காவது மணி நேரத்தில் கிடைக்கும் பயனும் சமமல்ல.

கரைக்கும் மருந்தான ஆல்டிபிளேஸின் அளவு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்ச அளவு 90. இதில் பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் ஊசியாகவும், எஞ்சியதை 60 நிமிடத்தில் சொட்டாகவும் ஏற்ற வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 63 மில்லிகிராம், முதலில் 6.3, பிறகு 56.7. மற்றொரு கரைக்கும் மருந்தான டெனெக்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், உச்ச அளவு 25. முழுவதையும் ஒரே ஊசியில் போட்டுவிடலாம் என்பதால் நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிய இடங்களில் இது பெரும் வசதி. மாரடைப்புக்குத் தரப்படும் டெனெக்டிபிளேஸ் அளவு இதைப் போல இரு மடங்கு என்பதை மறந்துவிடக் கூடாது. அவசரத்தில் நேரும் ஆபத்தான குழப்பம் இது.

ஊசிக்கு முன் ரத்த அழுத்தம் 185/110க்குக் கீழும், பிறகு 24 மணி நேரம் 180/105க்குக் கீழும் இருக்க வேண்டும். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இருப்பது, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் குறிக்கும் ஐ.என்.ஆர். 1.7க்கு மேல் இருப்பது, கடந்த 48 மணி நேரத்துக்குள் புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரை எடுத்தது, அண்மையில் தலையில் பலத்த காயமோ மூளை அறுவையோ நடந்தது ஆகியவை வழக்கமான தடைகள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது கடும் தலைவலி, வாந்தி, விழிப்புநிலை மங்குதல் எதுவாயினும் சொட்டை உடனே நிறுத்திவிட்டு மீண்டும் சி.டி. எடுக்க வேண்டும். நாக்கும் உதடும் வீங்குவதையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், ஏ.சி.இ. தடுப்பு வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வீக்கம் கூடுதலாக வருகிறது.

படி 6: நேரம் தெரியாதபோதும் நேரம் கடந்தபோதும்

உறக்கத்திலிருந்து எழும்போதே பக்கவாதத்தோடு எழுபவர்கள் பலர். இவர்களுக்குச் சுவரிலுள்ள கடிகாரம் பயன்படாது. திசுவின் நிலையைத்தான் கேட்க வேண்டும். இதற்கு இரு வழிகள் உள்ளன.

முதல் வழி எம்.ஆர்.ஐ. இறக்கத் தொடங்கிய அணுக்கள் வீங்கும்போது அவற்றைச் சுற்றியுள்ள நீர் நகர இடமின்றிச் சிக்கிக்கொள்கிறது. டிஃப்யூஷன் படம் இந்த அசைவின்மையைச் சில நிமிடங்களிலேயே வெண்மையாகக் காட்டும். கூடவே எடுக்கப்படும் ஏ.டி.சி. படத்தில் அதே இடம் கருமையாக இருந்தால் மட்டுமே அது புதிய சேதம், ஏ.டி.சி.யிலும் வெண்மையாக இருந்தால் பழைய பாதிப்பின் ஒளி ஊடுருவி வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ.யின் மற்றொரு வகையான ஃப்ளேர் படத்தில் மாற்றம் தோன்றச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே டிஃப்யூஷனில் தெரிந்தும் ஃப்ளேரில் தெரியாமல் இருந்தால், பக்கவாதம் வந்து 4.5 மணி நேரம் ஆகியிருக்க வாய்ப்பு குறைவு. 2018இல் வெளியான வேக்அப் ஆய்வு இந்தப் பொருத்தமின்மையை வைத்தே நோயாளிகளைத் தேர்ந்தெடுத்துக் கரைக்கும் ஊசியின் பயனை நிறுவியது.

இரண்டாவது வழி பெர்ஃப்யூஷன் ஸ்கேன். கான்ட்ராஸ்ட் மூளைக்குள் வந்து செல்வதைத் தொடர்ந்து படம்பிடித்து, மென்பொருள் இரு வரைபடங்களைத் தருகிறது. ரத்த ஓட்டம் இயல்பில் 30 விழுக்காட்டுக்கும் கீழே போன பகுதி மையம் என்றும், கான்ட்ராஸ்ட் திசுவை வந்தடையும் தாமதத்தைக் காட்டும் டிமேக்ஸ் நேரம் 6 விநாடியைத் தாண்டிய பகுதி ஆபத்திலிருக்கும் மொத்தத் திசு என்றும் கொள்ளப்படுகிறது. இரண்டின் வேறுபாடே காப்பாற்றக்கூடிய பகுதி. 2018இல் வெளியான டிஃப்யூஸ் 3 ஆய்வு, மையம் 70 மில்லிலிட்டருக்கும் குறைவு, மொத்தத் திசுவுக்கும் மையத்துக்கும் உள்ள விகிதம் 1.8 அல்லது அதற்கு மேல், வேறுபாடு 15 மில்லிலிட்டராவது இருக்க வேண்டும் என்ற வரம்புகளோடு 6 முதல் 16 மணி நேரம் வரை கட்டியை அகற்றுவதன் பயனைக் காட்டியது. அதே ஆண்டில் டான் ஆய்வு அதை 24 மணி நேரம் வரை நீட்டியது. 2019இன் எக்ஸ்டெண்ட் ஆய்வில் இதே வகைத் தேர்வு முறையில் 9 மணி நேரம் வரை ஆல்டிபிளேஸ் தரப்பட்டது.

வண்ண வரைபடம் கண்ணைக் கவரும். கவர்ச்சியே அதன் ஆபத்து. இதயத் துடிப்பு வலுவிழந்தவருக்குக் கான்ட்ராஸ்ட் தாமதமாக வந்து சேர்வதால் ஸ்கேன் பாதியிலேயே முடிந்து, எண்கள் எல்லாம் பிழையாகிவிடலாம். கழுத்துத் தமனியில் நாட்பட்ட அடைப்பு இருந்தால் ஒரு பக்கம் முழுவதும் டிமேக்ஸ் நீண்டு, ஆபத்தில்லாத பகுதியும் ஆபத்திலிருப்பதாகக் காட்டப்படும். நோய் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்தால், மீளக்கூடிய திசுவையும் இறந்த மையமாக மிகைப்படுத்திக் காட்டலாம். ஆழத்திலுள்ள நுண்தமனிகளில் நேரும் சிறிய லாக்கூனார் அடைப்புகளை இது பெரும்பாலும் காண்பதே இல்லை. மென்பொருள் தரும் எண்ணைச் சாதாரண சி.டி.யோடும் ஆஞ்சியோவோடும் பொருத்திப் பாராமல் ஏற்கக் கூடாது. 6 மணி நேரத்துக்குள் வந்த, தெளிவான பெரிய தமனி அடைப்புள்ள ஒருவருக்குப் பெர்ஃப்யூஷனுக்காகக் காத்திருப்பது வீண் தாமதம்.

படி 7: கட்டியை அகற்றுதல்

2015ஆம் ஆண்டில் எம்.ஆர். கிளீன் உள்ளிட்ட ஐந்து ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து இந்தச் சிகிச்சையை நிலைநிறுத்தின. அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, 2.6 பேருக்குச் சிகிச்சை செய்தால் ஒருவருடைய இயலாமையாவது ஒரு படி குறைகிறது என்று தெரிந்தது. மருத்துவத்தில் இவ்வளவு வலுவான பயன் அரிது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் கதீட்டரைச் செலுத்தி, ஸ்டென்ட் வலையால் கட்டியைப் பிடித்து இழுக்கலாம் அல்லது உறிஞ்சி எடுக்கலாம். ரத்த ஓட்டம் மீண்ட அளவு டிக்கி மதிப்பால் குறிக்கப்படுகிறது. 2பி அல்லது அதற்கு மேற்பட்டது வெற்றி.

ஊசிக்குத் தகுதியுள்ளவருக்கு ஊசியைப் போட்டுவிட்டே இதற்கு அனுப்ப வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஆஸ்பெக்ட்ஸ் மதிப்பு குறைந்தவர்களைப் பல காலம் ஒதுக்கி வைத்திருந்தோம். 2022இல் வெளியான ரெஸ்க்யூ ஜப்பான் லிமிட், 2023இல் வந்த செலக்ட் 2, ஏஞ்சல் ஆஸ்பெக்ட் ஆகியவை, மதிப்பு 3 முதல் 5 வரை உள்ளவர்களுக்கும் பயன் உண்டு என்று காட்டின. பேசிலார் தமனி அடைப்புக்கான பயனை 2022இல் அட்டென்ஷன், பவோச்சே என்ற இரு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. தமனி திறந்த பிறகு ரத்த அழுத்தத்தைக் கடுமையாகக் குறைக்கக் கூடாது. சிஸ்டாலிக் 120க்குக் கீழே இறக்கியவர்கள் மோசமான நிலையை அடைந்ததை 2022இன் என்சான்டட் 2 ஆய்வில் கண்டார்கள்.

ஏமாற்றும் இடங்கள்

மண்டையோட்டின் பின்குழியில் எலும்பு தடித்திருப்பதால் சி.டி. படத்தில் கோடுகள் விழுந்து சிறுமூளையும் மூளைத்தண்டும் மறைபடும். தலைச்சுற்றல், வாந்தி, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை என்று வரும் நோயாளிகளில் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. கூட முதல் இரண்டு நாளுக்குள் சில வேளை இயல்பாகத் தோன்றும். தலைச்சுற்றல் விடாது தொடரும்போது பயிற்சி பெற்றவர் செய்யும் கண்ணசைவுப் பரிசோதனை அந்த நேரத்தில் படத்தைக் காட்டிலும் நம்பகமானது.

வலிப்புக்குப் பின் வரும் தற்காலிகச் செயலிழப்பு, ஒற்றைத் தலைவலி, முக நரம்பு வாதம், மூளைக் கட்டி, காய்ச்சலால் பழைய பக்கவாதத்தின் அறிகுறிகள் மீண்டும் தலைகாட்டுவது ஆகியவை போலிகள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் உள்ள பெண்ணுக்குத் தலைவலி, வலிப்பு, எந்தத் தமனியின் எல்லைக்கும் பொருந்தாத ரத்தக்கசிவு ஆகியவை இருந்தால் சிரை அடைப்பை நினைத்துச் சிரைகளைப் படம்பிடிக்க வேண்டும்; அங்கே படத்தில் ரத்தம் தெரிந்தாலும் உறைவுத் தடுப்பு மருந்தான ஹெபாரின் தருவதே சிகிச்சை என்பது புதியவர்களைத் திகைக்க வைக்கும்.

படி 8: முதல் நாளும் அதற்குப் பிறகும்

கரைக்கும் ஊசி போட்டவருக்கு 24 மணி நேரத்தில் மீண்டும் ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே ஆஸ்பிரின் தொடங்க வேண்டும். ஊசி போடாதவருக்கு முதல் இரண்டு நாளுக்குள் ஆஸ்பிரின் போதும். பாதிப்பு மிகச் சிறிதாக இருந்தால் குளோபிடோக்ரெலையும் சேர்த்து 21 நாள் தருவது வழக்கம். கட்டியை அகற்றிய உடனே எடுத்த சி.டி.யில் தெரியும் வெண்மை, ரத்தமாக இல்லாமல் திசுவில் தங்கிய கான்ட்ராஸ்டாக இருக்கலாம்; அது ஒரு நாளில் மறைந்துவிடும், ரத்தம் மறையாது. வாய்வழி எதையும் தருவதற்கு முன், அது ஒரு மாத்திரையாக இருந்தாலும், விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

நடுப்பெருமூளைத் தமனியின் பகுதி முழுவதும் சேதமடைந்தவருக்கு இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வீக்கம் உச்சமடையும். 60 வயதுக்குட்பட்டவராக இருந்து நிலை மோசமாகிக்கொண்டே வந்தால், 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி இடம் தருவது உயிரைக் காக்கிறது. உயிர் பிழைப்பவர்களில் பலருக்குக் கணிசமான இயலாமை எஞ்சும் என்பதையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடைப்புக்கான காரணத்தைத் தேடும் கட்டத்திலும் படமே வழிகாட்டுகிறது. அறிகுறி காட்டிய பக்கத்துக் கழுத்துத் தமனி 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகியிருந்து, எஞ்சிய பாதிப்பு பெரிதாக இல்லையென்றால், இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்வதே மிகுந்த பயன் தரும். இதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்கு உறைவுத் தடுப்பு மருந்தை எப்போது தொடங்குவது என்பதற்கு, 2023இல் வெளியான எலான் ஆய்வு சேதத்தின் அளவைப் படத்தில் பார்த்து நாளைக் குறித்தது: சிறிய, நடுத்தரச் சேதத்துக்கு 48 மணி நேரத்துக்குள், பெரிய சேதத்துக்கு ஆறாம் அல்லது ஏழாம் நாள். இந்த முடிவுக்காக இரண்டாம் வாரத்தில் சி.டி.யை மீண்டும் எடுத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: அந்தக் காலத்தில் சேதமடைந்த பகுதி சுற்றியுள்ள திசுவின் அடர்த்தியையே தற்காலிகமாக அடைந்து மறைந்துபோவதுண்டு, ஆகவே சேதத்தின் அளவை முதல் ஓரிரு நாளின் படத்திலிருந்தே கணக்கிட வேண்டும்.